கடைசி அடிக்குறிப்பு

மகளை லெவன் பிளஸ் டியூஷனில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் வாசித்த புத்தகம் மைக்கேல் யங்கின் ‘த ரைஸ் ஆஃப் த மெரிட்டாக்ரசி’. வேண்டுமென்றே செய்த நகைச்சுவை இல்லை. இரண்டு மணி நேர வகுப்பு, மார்ச் மாதக் குளிர், வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் பத்தாது. பையில் கிடந்தது அந்தப் புத்தகம்தான். பத்துப் பதினைந்து பக்கம் போன பிறகு நிமிர்ந்து பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் கார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ, போன் வெளிச்சத்தில் முகம். பாதிப்பேர் நம்மாட்கள். தேர்வு வைத்து மனிதர்களைப் பிரிக்கிற சமூகத்தைக் கிண்டல் செய்து 1958-ல் எழுதப்பட்ட புத்தகம் அது. அதே தேர்வுக்குப் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே உட்கார்ந்து அதை வாசிக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கிப்போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடவில்லை.

இங்கிலாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பெரும்பாலான ஊர்களில் பதினோரு வயதை ஒட்டி ஒரு தேர்வு நடந்தது. தேறியவர்கள் கிராமர் ஸ்கூலுக்குப் போனார்கள். மீதிப்பேர், கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பிள்ளைகள், செகண்டரி மாடர்ன் என்ற பள்ளிகளுக்குப் போனார்கள். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாதை அநேகமாகக் கிடையாது. 1965-ல் லேபர் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி என்ற முறைக்கு மாறச் சொன்னது. பெரும்பாலான ஊர்கள் மாறின, சில மாறவில்லை. இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் கிராமர் பள்ளிகள் 163. புதிதாக ஒன்று தொடங்கக்கூடாது என்று 1998-ல் சட்டம் வந்துவிட்டது. கெண்ட், பக்கிங்ஹம்ஷையர் போன்ற மாவட்டங்களில் பழைய முறையே தொடர்கிறது. லண்டன் ஓரங்களில் திட்டுத்திட்டாகச் சில பள்ளிகள் உண்டு. நாங்கள் இருக்கும் சட்டன் பக்கம் மட்டும் ஐந்து. கட்டணம் கிடையாது, அரசுப் பள்ளிகள்தான். ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில், செப்டம்பரில் தேர்வு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போது பத்து வயதுதான் ஆகியிருக்கும். அக்டோபர் 31-க்குள் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மார்ச் 1-ல் பதில் வரும். இங்கே வீடு வாங்கும் நம்மவர்கள் பள்ளியின் எல்லைக்கோடு எந்தத் தெருவோடு முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், சமையலறை அப்புறம்.

யங்கின் புத்தகத்துக்கு வருகிறேன். அதை நாவல் என்று சொல்ல முடியாது, ஆய்வு என்றும் சொல்ல முடியாது. 2034-ல் உட்கார்ந்து ஒரு சமூகவியலாளர் எழுதும் அறிக்கை என்பது பாவனை. அந்த ஆளின் பெயரும் மைக்கேல் யங். அவர் காலத்து பிரிட்டனில் பிறப்பு, பரம்பரை, அப்பாவின் செல்வாக்கு எதுவும் செல்லாது. அறிவுத்திறனையும் முயற்சியையும் கூட்டினால் வருவது தகுதி. தகுதிக்கேற்ற பள்ளி, வேலை, வீடு. சோதனைகள் துல்லியமாகிக்கொண்டே வருகின்றன. பதினோரு வயதில் கணித்தது போய் மழலைப் பருவத்தில் கணிக்கிறார்கள், அதுவும் போய்க் கருவிலேயே கணிக்கிறார்கள். கதைசொல்லிக்கு எல்லாம் பரம திருப்தி. அங்கங்கே கொஞ்சம் கலகம் இருக்கிறது, பெண்கள் சிலர் முன்னின்று நடத்துகிறார்கள், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நம்மைத் தேற்றுகிறார். புத்தகம் முடிந்ததும் பதிப்பாளரின் ஓர் அடிக்குறிப்பு: பீட்டர்லூவில் நடந்த கலவரத்தில் ஆசிரியர் கொல்லப்பட்டுவிட்டதால் அவரால் மெய்ப்புப் பார்க்க முடியவில்லை.

அந்த ஒரு அடிக்குறிப்புக்காக முழுப் புத்தகத்தையும் பொறுத்துக்கொள்ளலாமா? நிறையப் பேர் பொறுத்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். முதல் பாதி உண்மையிலேயே அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது. நையாண்டி என்றால் எழுதுகிறவன் எங்கேயாவது ஓர் இடத்தில் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும். யங் கடைசிப் பக்கம்வரை அதைச் செய்வதில்லை. போலிக்குரலை அவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருக்கிறார்; அதுவே புத்தகத்துக்கு வினையாகப் போனது. அந்தச் சொல் புத்தகத்தைவிட்டு ஓடிப்போய்ப் பாராட்டுச் சொல்லாக ஆகிவிட்டது. (1956-லேயே ஆலன் ஃபாக்ஸ் என்ற சமூகவியலாளர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்; ஆனால் உலகத்துக்குக் கொண்டுபோனது யங்தான்.) 2001-ல், சாவதற்கு ஆறேழு மாதம் முன்பு, பிரதமர் டோனி பிளேர் அந்தச் சொல்லைப் பெருமையாகப் பயன்படுத்துவதை நிறுத்தினால் நல்லது என்று ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதினார் யங். தான் எச்சரிக்கையாக எழுதியதை ஊர் லட்சியமாக எடுத்துக்கொண்டதே என்று எண்பத்தைந்து வயதில் ஒருவர் புலம்ப வேண்டியிருந்தது.

நான் முதல்முறை இதை வாசித்தது 2017-ல், நீட் சண்டை ஃபேஸ்புக்கில் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில். அப்போது எனக்கு ஆயுதம் தேவைப்பட்டது. புத்தகத்திலிருந்து வாகான பகுதிகளைப் பிடுங்கி நாலைந்து பதிவு போட்டேன், லைக்கும் விழுந்தது. இப்போது திரும்பப் படிக்கும்போதுதான் தெரிகிறது, நான் யங்கைத் தப்பாகப் படித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வளர்ந்த பெரும்பாலானோர் அப்படித்தான் படிப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

நமக்குத் ‘தகுதி’ என்ற சொல் தனியாக வருவதில்லை. ‘தகுதி, திறமை’ என்று ஜோடியாக வரும், கூடவே ஒரு நக்கலும் வரும். அதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, அதன் விளைவாக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அந்தக் காலத்திலிருந்தே ‘தகுதி’ என்று யார் பேசினாலும் ‘யாருடைய தகுதி?’ என்று திருப்பிக் கேட்கும் மரபு நம்முடையது. அஜந்தா சுப்ரமணியனின் ‘த காஸ்ட் ஆஃப் மெரிட்’ (2019) இந்தக் கேள்வியைச் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து விரிவாகக் கேட்கிறது. சாதியால் திரண்ட வசதி எப்படித் தனிமனிதத் திறமையாக உருமாறித் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதை அந்தப் புத்தகம் எனக்குப் புரியவைத்தது. பொறியியல் படித்தவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். கோபம் வரும், வரட்டும்.

இந்த மரபின் வாதம் இது: தேர்வு நியாயமானது இல்லை, அளக்கிறேன் என்று சொல்வதை அது அளப்பதில்லை. யங் சொல்வது வேறு. தேர்வு முழுக்க நியாயமாகவே இருக்கட்டும் என்று எதிராளிக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு அவர் தொடங்குகிறார். அப்பாவின் காசு செல்லாது, டியூஷன் செல்லாது, துல்லியமான அளவுகோல். அப்படி இருந்தால் தோற்றவனுக்கு என்ன மிஞ்சும்? முன்பெல்லாம் ‘எனக்கு வாய்ப்புக் கிடைக்கல’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தச் சமாதானமும் பறிபோய்விட்டது. அவன் கீழே இருக்கிறான் என்றால் அங்கேதான் இருக்கத் தக்கவன், அவனுக்கே அது தெரியும். மேலே இருப்பவனுக்கோ யாருக்கும் எதற்கும் கடன்பட்டிருப்பதாகத் தோன்றாது. முதல் வாதத்துக்குச் சீர்திருத்தம் என்று ஒரு மருந்தாவது உண்டு: இட ஒதுக்கீடு, பாடத்திட்டம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் தமிழ்நாடு கொடுத்த 7.5% உள் ஒதுக்கீடு. இரண்டாவதற்கு அப்படி எதுவும் கிடையாது. 2017-ல் நான் முதலாவதை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். இரண்டாவது என்னைப் பற்றியது, ஆகவே கண்ணில் படவில்லை.

யங் கோட்டைவிடும் இடமும் ஒன்று உண்டு. அவர் புத்தகத்தில் பெற்றோர் ஒரு சமூக சக்தியாக மட்டும் வருகிறார்கள். குடும்பம் என்பது தகுதியாட்சியின் எதிரி, எப்போதும் தன் பிள்ளைக்காகக் குறுக்கு வழி தேடும் என்று கதைசொல்லி அலுத்துக்கொள்கிறார். மேல்தட்டு வீடுகளின் மந்தமான குழந்தைகளைச் சீதனம் கொடுத்து ஏழை வீட்டுச் சூட்டிகையான குழந்தைகளோடு மாற்றிக்கொள்ளும் கள்ளச்சந்தைகூட உண்டு. நல்ல கற்பனை. ஆனால் அந்தப் பெற்றோரில் ஒருவர் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என்ன யோசிப்பார் என்பதில் யங்குக்கு அக்கறை இல்லை.

அதற்கு பிரையன் ஜாக்சனும் டென்னிஸ் மார்ஸ்டனும் எழுதிய ‘எஜுகேஷன் அண்ட் த வொர்க்கிங் கிளாஸ்’ (1962) படிக்க வேண்டும். என் கணக்கில் இது யங்கைவிடப் பெரிய புத்தகம். இருவரும் ஹடர்ஸ்ஃபீல்டில் உழைக்கும் குடும்பங்களில் பிறந்து கிராமர் ஸ்கூலுக்குப் போனவர்கள். வளர்ந்த பிறகு அதே ஊருக்குத் திரும்பிவந்து, தங்களைப்போலவே தேறி மேலே வந்த 88 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேசினார்கள். ஊருக்கு மார்பர்டன் என்று மாற்றுப்பெயர் வைத்தார்கள். அட்டவணைகள் கொஞ்சம்தான், மீதியெல்லாம் குரல்கள். பிள்ளை தேறிவிட்ட சந்தோஷம் அடங்குவதற்குள் பள்ளியிலிருந்து வரும் தாள்கள் புரியாமல் விழிக்கும் பெற்றோர். எந்தப் பாடத்தை விட்டால் எந்தக் கதவு மூடும் என்று தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள். மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தானும் படிக்க ஆரம்பித்து, வீட்டுப்பாடம் கைமீறிப் போகும்வரை கூடவே ஓடிப்பார்க்கும் அப்பாக்கள். ஒருநாள் அவர்கள் நின்றுவிடுகிறார்கள், பிள்ளை போய்க்கொண்டே இருக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை, சும்மா குறைகிறது.

இவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்தவர்களுக்கு அந்த முறைமேல் கோபம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? நிறையப் பேருக்கு இல்லை. தங்களைத் தேர்ந்தெடுத்த பள்ளியை அவர்கள் உறுதியாகக் காப்பாற்றிப் பேசுகிறார்கள். எழுதியவர்களுக்கு அது வலிக்கிறது, அந்த வலியை மறைக்காமலே எழுதியிருக்கிறார்கள். அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. தேறிய ‘உழைக்கும் குடும்பங்களில்’ கணிசமானவை உண்மையில் மூழ்கிப்போன நடுத்தர வர்க்கம். தாத்தா கடை வைத்திருந்தவர், பெரியப்பா நல்ல உத்தியோகத்தில் இருந்தவர் என்று எங்கேயோ ஒரு பழைய படிக்கட்டு இருக்கிறது. பிள்ளை பாதி ஏறியது, பாதி திரும்பி ஏறியது.

எங்கள் தெருவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், பெட்ரோல் ஸ்டேஷனில் ராத்திரி ஷிப்ட் பார்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். இங்கிலாந்தின் கணக்கில் அவர் உழைக்கும் வர்க்கம். ஆனால் அவருடைய அப்பா பள்ளிக்கூட அதிபர். அவர் வீட்டு ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அகராதி இருக்கும். லெவன் பிளஸ்ஸில் வெறும் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிறந்த மாதத்துக்கு ஏற்பச் சமன்செய்து, ‘ஸ்டாண்டர்டைஸ்’ செய்த மதிப்பெண்ணைத்தான் எடுப்பார்கள் என்று நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். “அப்ப இங்கையும் தரப்படுத்தலோ, தம்பி?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது தமிழ் மாணவர்கள் சிங்கள மாணவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் வீட்டில் உட்கார்ந்தவர்கள், நாட்டைவிட்டுப் போனவர்கள், வேறு பாதைக்குப் போனவர்கள் என்று ஒரு தலைமுறை உண்டு. கட்-ஆஃப் என்ற எண்ணை நான் கவுன்சிலிங் ஹாலில் பார்த்தேன். அவர் அதை வரலாறாகப் பார்த்தார். அவரிடம் போய் ‘தேர்வே கொடுமை அண்ணா’ என்று யங்கை எடுத்துவிட எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தேர்வு கொடுமை இல்லை, மதிப்பெண்ணில் கைவைத்ததுதான் கொடுமை.

என் மனைவியின் கட்சியும் அதுதான். தென் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி, தமிழ் வழி, பன்னிரண்டாம் வகுப்பு மார்க், சென்னையில் கவுன்சிலிங், பொறியியல் கல்லூரி. “பரீட்சை இல்லேன்னா என்னை யாரு கண்டுபிடிச்சிருப்பா?” என்பாள். இதற்கு யங்கின் பதில் கடுமையானது. திறமையான பிள்ளைகளையெல்லாம் சலித்து எடுத்து மேலே அனுப்பிவிட்டால் கீழே இருப்பவர்களுக்காகப் பேச யார் மிஞ்சுவார்கள் என்று கேட்பார். எர்னஸ்ட் பெவின் பதினோரு வயதில் பள்ளியைவிட்டு, கூலி வேலை பார்த்து, தொழிற்சங்கம் கட்டி, 1945-ல் வெளியுறவு அமைச்சர் ஆனார். அவரைப் பதினோரு வயதில் ஒரு தேர்வு பொறுக்கியெடுத்திருந்தால் நல்ல அதிகாரியாகி ஓய்வுபெற்றிருப்பார், தொழிற்சங்கத்துக்குத் தலைவன் கிடைத்திருக்க மாட்டான். யங்கின் ஆகச் சிறந்த வாதம் இதுவே என்று நினைத்து மனைவியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க கிளாஸ்ல பெயிலான ஒருத்தி இப்ப பஞ்சாயத்துத் தலைவி. நல்லாத்தான் பண்றா. உங்க ஆளு கீழ இருக்கிறவங்களை ரொம்பக் குறைச்சு எடை போட்டுட்டாரு” என்றாள். யங்மேல் வைக்கப்பட்ட இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. தேர்வு எல்லாத் திறமையையும் சலித்து எடுத்துவிடும் என்று அவருடைய கதைசொல்லி நம்புகிறான். அந்த ஒரு விஷயத்தில் யங்கும் கொஞ்சம் நம்பிவிட்டார்.

சலிப்பதற்கான அந்தச் சல்லடையின் கதை தனி. கிராமத்துப் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கவனிக்கப்படாமல் போகிறார்களே என்ற கவலையில்தான் 1921-ல் காட்ஃப்ரி தாம்சன் நார்தம்பர்லாந்து மாவட்டத்துக்கு ஓர் அறிவுத்திறன் சோதனை தயாரித்தார். ஏழைப் பிள்ளையைக் கண்டுபிடிக்க வந்த கருவி அது. 1950-களிலேயே பிலிப் வெர்னன் போன்ற உளவியலாளர்கள் பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பயிற்சியும் ஏறிக்கொண்டே வருகிறது. கிராமர் பள்ளிகளில் சேர்பவர்களில் இலவச மதிய உணவுக்கு உரிய ஏழைப் பிள்ளைகள் 3%-க்கும் குறைவு என்று 2013-ல் சட்டன் டிரஸ்ட் அமைப்பின் அறிக்கை சொன்னது. (எங்கள் ஊர்ப் பெயருக்கும் அந்த அமைப்புக்கும் சம்பந்தமில்லை.) பெண்பிள்ளையைப் பெற்றவன் என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பர்மிங்ஹமில் ஆண்களுக்கு 540 கிராமர் இடம், பெண்களுக்கு 360. அதனால் ஒரே மதிப்பெண் எடுத்தாலும் பையன் உள்ளே போவான், பெண் வெளியே நிற்பாள். இது பாகுபாடுதான் என்று 1989-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. துல்லியமான அளவுகோல் என்று யங் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய தானம் என்று அப்போதுதான் உறைத்தது.

மகளைப் பற்றி அதிகம் எழுதக்கூடாது, பின்னாளில் அவள் வாசிப்பாள். கணக்கு அவளுக்குப் பிடிக்கும், கதை படித்தால் நிறுத்தி நிறுத்திப் படிப்பாள், நடுவில் ஜன்னலைப் பார்ப்பாள். தேர்வில் நேரம்தான் எல்லாம். ஜனவரியிலிருந்து அவளுடைய மாக் டெஸ்ட் மதிப்பெண்களை நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுவந்தேன். தொழில்புத்தி போகாது இல்லையா, சின்ன பைத்தான் நிரல் ஒன்றும் எழுதினேன். மதிப்பெண்களைப் புள்ளிகளாக்கி, ஒரு கோடு இழுத்து, செப்டம்பரில் எங்கே போய் நிற்கும் என்று புள்ளிக்கோட்டால் காட்டும். கரு வயிற்றில் இருக்கும்போதே கணிக்கிறார்கள் என்ற பக்கத்தைக் காருக்குள் வாசித்து முகம் சுளித்த அதே வாரம் அது. எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. ஒருநாள் மகள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, புள்ளிக்கோட்டைக் காட்டி, “இது நான் இன்னும் எழுதாத டெஸ்ட்தானே, அப்புறம் எப்படி மார்க் போட்டீங்க?” என்றாள். அவள் கேட்டது கணக்குச் சந்தேகம்தான். எக்ஸ்ட்ராபொலேஷன் என்றால் என்ன என்று விளக்கினேன். புரிந்தது என்றாள். அடுத்த மாக் டெஸ்ட் முடிந்து வந்ததும் மதிப்பெண் தாளைக் கொடுப்பதற்கு முன்னால், “கோடு எவ்வளவு சொல்லிச்சு?” என்று கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அந்தப் புள்ளிக்கோட்டை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். மதிப்பெண்களை அழிக்கவில்லை.

விண்ணப்பம் எங்கள் பக்கம் கோடையில் முடிந்துவிடும். கடைசி நாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, “எழுதுறதை எழுதிக்கோங்க, ஃபாரத்தை நான் நிரப்புறேன்” என்று மனைவி லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். பிறந்த தேதி, முகவரி, இப்போது படிக்கும் பள்ளி. பத்து நிமிட வேலை. யங்கின் அடிக்குறிப்பை நான் இரண்டாம் முறை வாசித்து முடித்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை, அதே தெருவில், காருக்குள்.